முப்பது மீட்டர்

எழும்பூர் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
முப்பது மீட்டர் நீளத்துக்குத் தாழ்வாரம்.
இரு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு.
மூன்று மீட்டருக்கு ஒரு துண்டு நீல டேப்,
நாலாவதை மட்டும் யாரோ தினமும் உரிக்கிறார்கள்.
எலுமிச்சை சாதம் பிரித்துவைத்த குடும்பத்தைக்
கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு
டோக்கன் பதினேழைக் கூப்பிட்டேன்.

தர்ஷித். பதினொரு வயது.
வியாசர்பாடி, ஹவுசிங் போர்டு.
அறுபத்தெட்டு கிலோ என்று அம்மா முடிப்பதற்குள்
"அறுபத்தேழு புள்ளி நாலு" என்றான்,
மிச்சத்தையும் தன் தலையில் கட்டிவிடுவார்களோ என்று.

பள்ளிக்கூடக் கால்சட்டையின் உள்தொடையில்
இரண்டு ஒட்டு. வேர்க்குரு பவுடர் வாசனை.
அதை மறைக்க அவன் முன்னால்
நின்றுகொண்டே இருந்தாள் அம்மா.

"ஓடக் கூடாது, நடக்கணும்.
முடியலன்னா நிக்கலாம், சுவரைப் பிடிச்சுக்கலாம்.
கடிகாரம் மட்டும் நிக்காது."

எனக்கும் விதி உண்டு:
நிமிடத்துக்கு ஒரு தடவைதான் பேசலாம்,
அச்சடித்த வாக்கியத்தை,
ஏற்ற இறக்கம் இல்லாமல்.
கைதட்டக் கூடாது. கூடவே நடக்கக் கூடாது.
'செல்லம்' கூடாது.
ஒரு பிள்ளைக்குக் கொடுத்த பிரியத்தை
அடுத்த பிள்ளைக்குக் கொடுக்காமல் விட்டால்
எண்கள் கெட்டுப்போகும்.

நகர்ந்துவிட்ட இருபத்தொன்பது சி-க்கு
நடக்கிறவன் மாதிரிதான் கிளம்பினான்.
"நல்லா நடக்குற. இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."

மூன்றாவதில் சக்கர நாற்காலி ஒன்று குறுக்கே வர
நின்று, வழிவிட்டு, "சாரி" சொன்னான்.
அந்த நேரத்தை
அதற்கப்புறம் வாயால் இழுத்துக்கொண்டே போனான்.
மார்பில் ஒட்டிய சட்டையை
விரல் நுனியால் இழுத்து இழுத்து விட்டான்.
நடப்பதைவிடப் பெரிய வேலை அது,
ஒரு தடவைகூட மறக்கவில்லை.

அம்மாவின் உதடு சத்தமில்லாமல்
வா, வா என்றது.
பார்க்காதவள் போல் இருந்தேன்.
அதுவும் விதிமீறல்தான்.

ஆறு.
பதின்மூன்று முழுசாக, அப்புறம் இருபது மீட்டர்.
நானூற்றுப் பத்து.
இந்த உயரத்துக்கு இன்னும் இருநூறு வேண்டும் என்கிறது
மேஜைக் கண்ணாடிக்கு அடியில் உள்ள பட்டியல்.

மூச்சு அட்டையை நீட்டினேன்,
பூஜ்யத்திலிருந்து பத்து வரை.
"எவ்வளவு வாங்குது?"
மூக்கு விடைக்க, இரண்டைத் தொட்டான்.
விரலில் மாட்டிய கருவியில்
நூற்று ஐம்பத்தெட்டு.
எழுதினேன்: இரண்டு.

"மிஸ், உங்க வாட்ச் பட்டன் ஒட்டுது.
நிறுத்துறப்ப அரை செகண்டு லேட்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஸ்கூல்ல நான்தான் டைம் பாப்பேன்.
பி.டி. சார் எங்கிட்டதான் குடுப்பாரு.
எல்லாரும் ஓடுவாங்க.
அவங்க செருப்பு, வாட்ச்,
ஒருத்தனோட கண்ணாடி, எல்லாம் என் மடியில."

நாற்பத்திரண்டு பேரின் நூறு மீட்டரும்
மனப்பாடம் அவனுக்கு.
தன்னுடையது?
அதை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை.

"நீங்க நடந்திருக்கீங்களா மிஸ், இதுல?"

ஒன்பது வருடமாகக் கூம்பு வைக்கிறேன்,
கூம்பு எடுக்கிறேன்.
கடிகாரத்தை அவனிடம் நீட்டினேன்.

திரும்பும் இடத்தில் வலது முட்டி சொடுக்கியது.
எலுமிச்சை சாதக் குடும்பம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு
என் பின்புறத்தைப் பார்த்தது
(எனக்குத் தெரியும், திரும்பவில்லை).
முனையில் நின்று எண்ணும்போது
இந்தத் தாழ்வாரம் இவ்வளவு நீளம் இல்லை.

"நல்லா நடக்குறீங்க.
இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு."
ஏற்ற இறக்கமே இல்லை அந்தக் குரலில்.
கொஞ்சம் இருந்தால் தேவலை போலிருந்தது.

முடிந்ததும் அட்டையை நீட்டினான்.
இரண்டைத் தொட்டேன்.

பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
ஒட்டுகிற பட்டனைச் சட்டை நுனியால் துடைத்து
இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துவிட்டுத் தந்தான்.

டோக்கன் பதினெட்டு
அதற்குள் எழுந்து நின்று
சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள்.